ஒடிக்கும்போது மட்டும்

சத்தம் இடது பக்கம்தான் வருகிறது என்று போன வாரம் அடித்துச் சொன்னவர் நாச்சிமுத்து. அவர் வாக்கை நம்பி மெக்கானிக் ரபீக் இடது சக்கரத்துக்குப் போகிற ஆக்ஸிலைக் கழற்றினான். அதன் முனையில் கிழிந்து தொங்கிய ரப்பர் உறையைத் தூக்கிக் காட்டி, "பாருங்ணா, கிரீஸெல்லாம் வெளிய போயி மண்ணு ஏறிக் கெடக்குது, இது சத்தம் போடாம என்ன பண்ணும்" என்று சொல்லி வேறொன்று மாட்டிக் கொடுத்தான். சத்தம் போகவில்லை. போகவில்லை என்பதுகூட நாச்சிமுத்துவுக்குத் தானாகத் தெரியவில்லை. இன்று காலை பள்ளிக்கூட வாசலில் காரை ஒடித்து நிறுத்தும்போது பின்சீட்டிலிருந்த தாரிகா அவர் தோளைத் தட்டி, "கார் தாத்தா, இன்னும் சோளப்பொரி பொரியுது" என்றாள். அவள் வாயைக் கண்ணாடியில் பார்த்துக்கொண்டிருந்ததால் அவருக்குப் புரிந்தது. பார்க்காமல் இருந்திருந்தால் அதுவும் போயிருக்கும். ஆறு வயதுப் பிள்ளைக்குக் கேட்பது, ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டிருக்கிற ஐம்பத்து நாலு வயதுக்காரனுக்குக் கேட்கவில்லை. ஐந்து பிள்ளைகளும் இறங்கிப் பையைத் தூக்கிக்கொண்டு ஓடிய பிறகும் அவர் வாசலை விட்டு நகரவில்லை. பின்னால் யாரோ ஹாரன் அடித்திருப்பார்கள் போல. வாட்ச்மேன் வந்து பானெட்டைத் தட்டிய பிறகுதான் வண்டியை எடுத்தார்.

இப்போது மூன்று மணி வெயிலில், வியாழக்கிழமை மட்டும் உயிர் பிடிக்கும் சந்தைத் திடலில், வெள்ளைக் காரை ஒரே வட்டமாகச் சுற்றிக்கொண்டிருக்கிறார். பக்கத்துச் சீட்டில் ரபீக், தலையை ஜன்னலுக்கு வெளியே நீட்டிக்கொண்டு, கோழி களவாடப் போகிறவன் மாதிரி காதைத் தீட்டி வைத்திருக்கிறான். "முழுசா ஒடிச்சுப் புடிங்ணா. அப்புடியே. மெதுவா." வலமாக ஒரு சுற்று, பிறகு இடமாக. காய்ந்த தக்காளியும் வெங்காயச் சருகும் டயருக்கடியில் நசுங்குகின்றன; நசுங்குவது தெரிகிறது, கேட்கவில்லை. திடலை ஒட்டி லேத் பட்டறை ஒன்று இருக்கிறது. அதன் இரைச்சலும் கார் எஞ்சினும் சேர்ந்து இடது காதில் ஒரே மொத்தையாக, ஈரத்துணியைப் போட்டு அமுக்கியதுபோல வருகின்றன. வலது காதில் அதுவும் இல்லை. வலது காது செத்துப் பல வருஷம் ஆகிறது. "வருதுங்களாண்ணா?" என்று ரபீக் உள்ளே திரும்பிக் கேட்கிறான். முகத்தைப் பார்த்துக் கேட்டதால் புரிகிறது. "வருது வருது," என்கிறார் நாச்சிமுத்து. எதற்கும் இருக்கட்டும் என்று புருவத்தையும் சுளித்துக்கொள்கிறார். கேட்கிறவனுடைய முகம் எப்படி இருக்கும் என்பது அவருக்கு மனப்பாடம். ரபீக் உதட்டைப் பிதுக்கி, "எனக்கு ஒண்ணும் வரலியே," என்கிறான். "இப்ப இல்ல. அங்க, அந்த மேட்டுல ஏறுனப்ப வந்துது," என்று கையை எங்கேயோ நீட்டினார். பொய்க்கு ஒரு மேடு கிடைத்தது.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வித்தை இது. இத்தனை வருஷம் மறைத்தும் விட்டார். அதற்குக் காரணம் அவர் சாமர்த்தியம் அல்ல, சாந்தாமணி. கட்டின நாளிலிருந்து அவரோடு தறிக்குடோனில் நின்றவள் அவள். அங்கே இருபத்து நாலு தறி ஒன்றாக அடிக்கும்போது பெற்ற பிள்ளை காலடியில் அழுதாலும் கேட்காது. தறிக்காரர்கள் வாயசைவில் பேசிக்கொள்வார்கள், கையசைவில் சண்டை போட்டுக்கொள்வார்கள். தறிக்குள் ஓடுகிற நாடா போனது, பாவு நூல் அறுந்தது, சாயங்காலம் சினிமாவுக்குப் போகலாமா, எல்லாம் கையும் உதடும்தான். அதனால் காது போனது எப்போது என்றே அவருக்குத் தெரியாமல் போய்விட்டது. குடோனுக்குள் எல்லோரும் செவிடர்கள். வெளியே வந்தபோதுதான் மற்றவர்கள் எல்லாம் திரும்பக் காது பெற்றுவிட்டார்கள், அவர் மட்டும் பெறவில்லை என்று தெரிந்தது. முதலில் கண்டுபிடித்தவள் சாந்தாமணி. யாரிடமும் சொல்லாதவளும் அவள்தான். தறிகள் போய்க் கார் வந்து, ஊர்ப் பிள்ளைகளைப் பள்ளிக்கூடம் கொண்டுபோய் விடுகிற வேலையும் வந்தபோது, "பிள்ளைகள ஏத்தி எறக்கறதுக்கு நானும் வர்றேன்" என்று முன்சீட்டில் ஏறி உட்கார்ந்துகொண்டாள். ஊருக்கு அவள் ஆயா, அவருக்கு அவள் காது. பின்னால் லாரி ஹாரன் அடித்தால் தொடையில் ஒரு தட்டு. ஆம்புலன்ஸ் என்றால் முழங்காலை அழுத்துவாள். பிள்ளைகளில் யாராவது வாந்தி என்று முனகினால் அவர் சட்டைக் கையை இழுப்பாள். அவளுடைய வலது கைதான் வண்டியை ஓட்டியது, அவர் ஸ்டீயரிங்கை மட்டும் பிடித்திருந்தார். அந்தக் கை இப்போது ஈரோட்டில், மகளுடைய பிரசவத்துக்குப் போன இடத்தில், பேரனுக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருக்கிறது. புறப்படும்போது பஸ் படியில் நின்று, "நான் வர்ற வரைக்கும் வேற டிரைவரப் போடுங்க. ஒடம்பு செரியில்லன்னு சொல்லுங்க," என்றாள். சரி என்று தலையாட்டினார். வேறு டிரைவரைப் போட்டால் பிள்ளைகள் அவனோடு பழகிவிடும், அம்மாக்களும் பழகிவிடுவார்கள், பிறகு நாச்சிமுத்து எதற்கு? தறியையும் இப்படித்தான் ஒரு மாதம் நிறுத்தி வைக்கலாம் என்று குடோன் முதலாளி நிறுத்தினார், பிறகு அது ஓடவே இல்லை.

"நேரா விடுங்ணா, நிறுத்துங்க," என்று ரபீக் கையைக் காட்டினான். கையைக் காட்டினால் நல்லது, கை என்றால் சந்தேகமே இல்லை. வண்டி நின்றது. "ஆக்ஸில்னா ஓட ஓட வந்துட்டே இருக்கணும், சக்கரம் சுத்தச் சுத்த கடகடன்னு. அப்புடி வரல. அப்ப இது வேற. எங்க, நின்ன எடத்துலயே ஒருக்கா ஒடிங்க." ஒடித்தார். ரபீக்கின் முகம் மலர்ந்தது. "அதா! கேட்டுதுங்களா?" "கேட்டுது," என்றார் நாச்சிமுத்து. இந்தத் தடவை பாதிதான் பொய். உள்ளங்கையில் ஏதோ வந்தது, ஸ்டீயரிங்குக்குள்ளிருந்து யாரோ விரலால் சுண்டியதுபோல. அதை நினைத்து அவருக்கு ஒரு சின்னச் சந்தோஷம்கூட வந்தது. தறிக்காரனுக்குக் காது எதற்கு? தறியின் கட்டையில் உள்ளங்கையை வைத்தால் போதும், எந்தப் பல் தேய்ந்திருக்கிறது, எந்த போல்ட் ஆடுகிறது என்று சொல்லிவிடுவார். குடோன் முதலாளியே கூப்பிட்டுக் கேட்பார், நாச்சிமுத்து, நாலாம் நம்பர்ல கைய வெச்சுச் சொல்லு என்று. கை பொய் சொல்லாது. கை இருக்கிற வரைக்கும் வண்டி ஓட்டலாம். ஓட்டலாமா? போன புதன்கிழமை ரயில்வே கேட் திருப்பத்தில் அந்த பஸ் எங்கிருந்து வந்தது? கண்ணாடியில் இல்லை. திரும்பினார். ஜன்னல் முழுக்கச் சிவப்புத் தகரம், ஒரு சாண் தூரத்தில், ஓடிக்கொண்டே இருந்தது. பிள்ளைகள் ஐந்தும் வாயைத் திறந்திருந்தன. அலறியிருக்கின்றன. கண்ணாடியில் ஐந்து திறந்த வாய்கள், ஒரு சத்தமும் இல்லை. பஸ்காரன் தெரு முழுக்க ஹாரன் அடித்துக்கொண்டு வந்திருப்பான். அன்று ராத்திரி சோறு இறங்கவில்லை. அடுத்த நாள் காலையில் வழக்கம்போலப் போய் ஐந்து வீட்டு வாசலிலும் நின்றார். தாரிகாவின் அம்மா பையை நீட்டி, "நீங்க ஓட்டறதால கண்ண மூடிட்டு அனுப்பறேங்க," என்றாள். அதுவும் வாயசைவில்தான் தெரிந்தது.

ரபீக் இறங்கி முன்பக்கம் போய்க் குனிந்தான், எழுந்தான், கையைத் துடைத்தான். அவருடைய ஜன்னலுக்கு வந்து விளக்கினான். முகத்துக்கு நேராக நின்றான், நல்ல பிள்ளை. சக்கரத்துக்கு மேலே ஸ்பிரிங் இருக்கிறதல்லவா, அந்த ஸ்பிரிங் உட்கார்ந்திருக்கிற மேல் மூட்டில் ஒரு பேரிங் இருக்கிறது, ஸ்டீயரிங்கை ஒடித்தால் ஸ்பிரிங்கும் சேர்ந்து திரும்ப வேண்டும், பேரிங் துருப்பிடித்து இறுகிவிட்டால் திரும்பாது. "திரும்ப மாட்டேங்கும், முறுக்கிட்டே வரும், தாங்காதப்ப டக்குனு ஒரே துள்ளு. அதான் சத்தம். ஒடிக்கறப்ப மட்டுந்தான் வரும். நேராப் போனா ஊமையா இருக்கும்." எந்தப் பக்கம் என்றுதான் தெரிய வேண்டும். "எந்தப் பக்கம்ணா கேட்டுது, உங்களுக்கு?" இதோ, திரும்பவும் அதே கேள்வி. போன வாரம் இதே கேள்விக்குத்தான் இடது என்றார். ஒற்றைக் காதுக்காரனுக்கு உலகத்தில் எல்லாச் சத்தமும் ஒரே பக்கத்திலிருந்துதான் வரும். வலது பக்கம் குண்டு வெடித்தாலும் அவர் இடது பக்கம்தான் திரும்புவார். ஒருநாள் குடோனுக்கு வெளியே ஒருவன், காரணம் தெரியாமல் விளையாட்டாக, பின்னால் நின்று மாறி மாறிக் கூப்பிட்டு, அவர் தப்பாகத் திரும்புவதைக் காட்டி எல்லோரையும் சிரிக்க வைத்தான். செவிடன் காதில் சங்கு ஊதின மாதிரி என்று சொல்வார்கள் அல்லவா, அந்தப் பழமொழி யார் வாயில் வந்தாலும் நாச்சிமுத்து முதல் ஆளாகச் சிரித்துவிடுவார். முதலில் சிரிக்கிறவனை யாரும் சந்தேகப்படுவதில்லை. "வலது பக்கமா இருக்குமோன்னு படுது," என்றார் இப்போது. இடது என்று ஒருமுறை தோற்றாயிற்று, மிச்சம் இருப்பது வலது. ரபீக் அவரை ஒரு கணம் பார்த்தான். பார்வையில் ஒன்றுமில்லை, வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கினான், அவ்வளவுதான். அவ்வளவுதானா? காதுமிஷின் வாங்கி வைத்துக்கொள்ளலாம் என்று சாந்தாமணி சொன்னாள். வாங்கினார்கள். மாட்டினால் பாத்திரம் விழுவது, பல்லி கத்துவது, பக்கத்து வீட்டு மிக்ஸி எல்லாம் ஒன்றாகத் தலைக்குள் தறி ஓட்ட ஆரம்பித்துவிட்டன. அதோடு அதை மாட்டிக்கொண்டு பிள்ளைகள் வீட்டு வாசலில் போய் நிற்க முடியுமா? ரப்பர் டப்பாவோடு அது பீரோவுக்குள் தூங்குகிறது.

"செரி, கைய வெச்சுப் பாத்துரலாம்," என்றான் ரபீக். வலது முன்சக்கரத்தை முழுசாக ஒடிக்கச் சொன்னான். டயர் ஒதுங்கி மேலே கை நுழைகிற அளவுக்கு இடைவெளி விட்டது. "எஞ்சின் ஓடட்டும். நான் ஸ்பிரிங்கப் புடிச்சிருக்கேன். துள்ளுச்சுன்னா கையில தெரிஞ்சுரும். நான் சொன்னதும் அப்புடியே நேராக் கொண்டாங்க..." இதுவரை உதடு தெரிந்தது. அப்புறம் அவன் குந்திவிட்டான். தலை பானெட்டின் விளிம்புக்குக் கீழே போய்விட்டது, கொஞ்சம் முடி மட்டும் தெரிந்தது. கீழேயிருந்து இன்னும் ஏதோ சொல்வது மொத்தையாக வந்தது, லேத் பட்டறையோடு கலந்து. "செரி தம்பி," என்றார் நாச்சிமுத்து. என்ன சொன்னாய் என்று கேட்டிருக்கலாம். ஒருமுறை கேட்டால் இரண்டாவது முறையும் கேட்க வேண்டி வரும், இரண்டாவது முறைக்கும் கேட்கவில்லை என்றால் எழுந்து வந்து முகத்தைப் பார்ப்பான், அப்புறம் அவனுக்குத் தெரிந்துவிடும். அவனுடைய தங்கை பிள்ளையும் அதே பள்ளிக்கூடத்தில்தான் படிக்கிறது.

முடி அசைந்தது. சொல்லிவிட்டான் போலிருக்கிறது. ஸ்டீயரிங்கைத் திருப்ப ஆரம்பித்தார், மெதுவாக, குழந்தையின் கழுத்தைத் திருப்புவதுபோலப் பதமாக. ஒன்றுமில்லை. உள்ளங்கைகளை ஸ்டீயரிங்கில் நன்றாகப் பதித்துக்கொண்டார். வா, வா. இது மட்டும் வலது பக்கம் என்று தெரிந்துவிட்டால் இந்தத் தொல்லை தீர்ந்தது. பேரிங்கை மாற்றிவிடுவான், தாரிகாவுக்குச் சோளப்பொரி கேட்காது, அவளும் வீட்டில் போய்ச் சொல்ல மாட்டாள், அவள் அம்மா நேற்று வாசலில் நின்று ஏன் அப்படி யோசனையாகப் பார்த்தாள் என்று நினைத்துக் குழம்ப வேண்டியதில்லை. இன்னும் மூன்று வாரம். பேரனுக்குத் தலை நின்றதும் சாந்தாமணி வந்துவிடுவாள். மூன்று வாரம் கையை வைத்து ஓட்டிவிடலாம், ரயில்வே கேட்டுப் பக்கம் போகாமல் சுற்றிப் போகலாம், திரும்பும் இடங்களில் எல்லாம் நின்று பார்த்துத் திரும்பலாம். திடீரென்று வந்தது. டக். ஸ்டீயரிங்கில் அல்ல, தரையில், கால் கட்டைவிரலில். நல்ல பலமாக. பின்னாலேயே இன்னொன்று. டக், டக். நாச்சிமுத்துவுக்கு நெஞ்சு குளிர்ந்துபோயிற்று. அதோ, வலது பக்கமேதான்! முதல் தடவையாகச் சரியாகச் சொல்லியிருக்கிறார். ரபீக்குக்குத் தெளிவாகத் தெரியட்டும் என்று இன்னும் கொஞ்சம் ஒடித்தார். டக் டக் டக் என்று இப்போது வரிசையாக, அவசரமாக வந்தது, தகரமே அதிர்ந்தது. ஆனால் துள்ளுகிற ஸ்பிரிங் ஒருமுறைதானே துள்ளும் என்று சொன்னான்? அந்த நினைப்பு வந்தது, வந்து எங்கேயோ சிக்கி நின்றது. கை நிற்கவில்லை. ஸ்டீயரிங் ஒரு இடத்தில் கனத்தது. பேரிங் இறுகியிருக்கிறது, பாவம், துரு. கொஞ்சம் அழுத்தித் திருப்பினார்.

அப்போது லேத் பட்டறையிலிருந்து மூன்று பேர் ஓடிவந்தார்கள். ஓடிவருகிறவர்களின் வாய்கள் திறந்திருந்தன. அந்த வாய்களைப் பார்த்ததும் நாச்சிமுத்துவுக்கு எல்லாம் தெரிந்துவிட்டது. தெரிந்த பிறகுதான் இடது காதுக்குள், எங்கோ தூரத்தில், ஒரு மனிதன் கத்துவதும் வந்து சேர்ந்தது. ஸ்டீயரிங்கை மறுபக்கம் ஒடித்தார். அவர்களில் ஒருவன் கதவைத் திறந்து சாவியைப் பிடுங்கினான். மற்ற இருவரும் ரபீக்கைப் பின்னால் இழுத்து உட்காரவைத்தார்கள். வலது கை மணிக்கட்டுக்குக் கீழே கை மாதிரி இல்லை. டயருக்கும் உள்தகரத்துக்கும் நடுவில் இருந்த கை அது. இடது கையால்தான் கதவுக்குக் கீழே தகரத்தில் அடித்திருக்கிறான். அந்த முட்டிகளிலும் தோல் உரிந்திருந்தது.

யாரோ தண்ணீர் கொண்டுவந்தார்கள், யாரோ துண்டைச் சுற்றினார்கள். நாச்சிமுத்து இறங்கி, அவன் முன்னால் போய் நின்றார். ரபீக்கின் முகம் மண் நிறமாகியிருந்தது. அழுகிற முகம் அல்ல, ஒரு கணக்கு விடுபட்டுப்போய்த் தேடுகிற முகம். அவர் முகத்தைப் பார்த்துத்தான் கேட்டான், ஒவ்வொரு சொல்லும் தெளிவாகத் தெரிந்தது. "கால்வாசிச் சுத்துத்தானேண்ணா சொன்னேன். அதுக்கு மேல ஒடிச்சீங்கன்னா கை மாட்டிக்கும்னு சொன்னனே. நிறுத்துங்க நிறுத்துங்கன்னு அத்தன கத்துனேன். கேக்கலீங்களா?"

சுற்றி நின்றவர்களும் அவரைப் பார்த்தார்கள். அவர்களில் இரண்டு பேருக்கு அதே பள்ளிக்கூடத்துக்குப் போகிற பிள்ளைகள் உண்டு. ஒரு சொல் போதும். கேக்கல தம்பி, எனக்குக் காது கேக்காது, மன்னிச்சுரு என்று காலில் விழுந்துவிடலாம், விழுந்தால் இவன் மன்னிக்கக்கூடும், கை போனவன்கூடச் செவிடனை மன்னிப்பான். அப்புறம் நாலரை மணிக்குப் பள்ளிக்கூட வாசலில் யார் நிற்பார்கள், நாளைக்கு யார் நிற்பார்கள், அதற்கடுத்த நாள்? இத்தனை வருஷம் எல்லாக் கேள்விக்கும் பதிலாக இருந்த சொல் வாயில் தயாராக இருந்தது. யோசிப்பதற்குள் வந்துவிட்டது.

"கேட்டுது," என்றார் நாச்சிமுத்து.

ரபீக் அவரைப் பார்த்துக்கொண்டே இருந்தான். முதலில் புரியவில்லை, பிறகு புரிந்தது: கேட்டும் ஒடித்திருக்கிறார். உட்கார்ந்த நிலையிலேயே அவரிடமிருந்து ஒரு முழம் பின்னால் நகர்ந்தான். லேத்காரன் ஒருவன் நாச்சிமுத்துவின் சட்டையைப் பிடித்து ஏதோ சொன்னான், ரொம்பப் பக்கத்தில் நின்றதால் வாய் தெரியவில்லை. ஆஸ்பத்திரிக்குக் காரிலேயே போகலாம் என்று நாச்சிமுத்து பின்கதவைத் திறந்தார். ரபீக் தலையை ஆட்டினான். "இவரு வண்டியில நான் ஏற மாட்டேன்." அவனைப் பைக்கில் நடுவில் உட்காரவைத்துக்கொண்டு போனார்கள். கிளம்பும்போது ஒருவன் சாவியை மண்ணில் எறிந்துவிட்டுப் போனான்.

திடலில் யாரும் இல்லை. தகரத்தில், கதவுக்குக் கீழே, கை அடித்த இடம் லேசாக உள்வாங்கியிருந்தது. நாச்சிமுத்து சாவியைப் பொறுக்கித் துடைத்தார். சாந்தாமணிக்குப் போன் செய்ய வேண்டும் என்று தோன்றியது. என்ன சொல்வது, கேட்டுது என்று சொன்னதை அவளிடம் எப்படிச் சொல்வது? அவளுக்கு மட்டும்தான் அது பொய் என்று தெரியும், ஊருக்கு இனி அதுதான் உண்மை. பள்ளிக்கூடம் விடுகிற நேரம் நெருங்கிக்கொண்டிருந்தது. அவர் ஏறி உட்கார்ந்து, முன்சீட்டை ஒருமுறை பார்த்துக்கொண்டு, வண்டியைக் கிளப்பினார். திடலை விட்டு வெளியே போக வலப்புறம் ஒடிக்க வேண்டியிருந்தது. ஒடித்தார். ஒன்றும் கேட்கவில்லை.